அண்ணன் தம்பி மில்லும் அந்த ஆயிரம் ரூபாயும்

வட்டக்கச்சியான்:
புளியங்குளம் பொடியன் நேற்று எழுதியதை வாசித்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் ஒப்பந்தம் தேவையில்லையாம், பிரதேச செயலகத்தில் எடுக்கிற வியாபாரப் பதிவில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தால் கூட்டு வியாபாரம் சட்டத்தில் நிற்குமாம். தம்பி, நிற்காது. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், 18ஆம் பிரிவு. போட்ட முதலீடு ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் கூட்டு எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் இருக்க வேண்டும். 2010இல் மீளக்குடியேறி நானும் அண்ணனும் போட்ட அரிசி மில்லுக்கு எழுத்து இல்லை. என் மனைவியின் தாலிக்கொடி விற்ற காசு அந்த மெஷினுக்குள் கிடக்கிறது. இன்று அண்ணன், "நீ என்னிடம் சம்பளத்துக்கு நின்றவன்" என்கிறார்.

புளியங்குளம் பொடியன்:
அண்ணை, அந்த ஆயிரம் ரூபாய்க்கு இன்று ஒரு மூட்டை நெல்லும் வராது. அப்படிப் பார்த்தால் சந்தியில் தேத்தண்ணிக் கடை போட்டவனும் நொத்தாரிசிடம் ஓட வேண்டும். பதிவு விண்ணப்பத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தீர்களா இல்லையா? அது எழுத்து இல்லையென்றால் வேறு என்ன?

வட்டக்கச்சியான்:
நொத்தாரிசு என்று யார் சொன்னது? அது காணி உறுதிக்கு. கூட்டுக்கு ஒற்றைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தாலே போதும். வாசிக்காமல் பதில் எழுத வேண்டாம். யார் எவ்வளவு போட்டது, லாபம் எப்படிப் பிரியும், இதெல்லாம் உங்கள் விண்ணப்பத்தில் எங்கே இருக்கிறது? ஆயிரம் ரூபாய், தம்பி. சட்டம் மாறும் வரைக்கும் ஆயிரம் ரூபாய்தான்.

முரசுமோட்டை விவசாயி:
மில்லுக்காரர் நீங்கள் சட்டம் பேசுகிறீர்கள். காலபோக நெல்லைக் கொண்டுவந்தால் ஈரம் ஈரம் என்று மூட்டைக்குக் கிலோ கழிக்கிறீர்களே, அது எந்தப் பிரிவில் இருக்கிறது?

வட்டக்கச்சியான்:
நான் ஒருவருக்கும் கழித்ததில்லை. தராசு அண்ணனின் கையில்தான் இருந்தது, ஊருக்கே தெரியும்.

ஒட்டுசுட்டான் அக்கா:
எழுதி வைத்தவர்களின் கதையையும் கேளுங்கள். என் கணவரும் அவருடைய தம்பியும் கடைக்கு எழுத்து வைத்திருந்தார்கள். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அந்தப் பையைத் தூக்கித் திரிந்தேன். 2009இல் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் பையும் போனது, அவரும் போனார். இப்போது தம்பியார் எழுத்து இருந்ததே இல்லை என்கிறார்.

புளியங்குளம் பொடியன்:
அக்கா, 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் தொலைந்த ஆவணத்துக்கு வழி இருக்கிறது. பிரதியைக் காட்டலாம், அதைக் கண்ணால் கண்டவர் வந்தும் சொல்லலாம். சாட்சிக் கையெழுத்து வைத்தவரைத் தேடுங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா:
சாட்சி வைத்த இரண்டு பேரில் ஒருவர் உயிரோடு இல்லை. மற்றவர் கனடாவில், போனை எடுக்கிறார் இல்லை.

வட்டக்கச்சியான்:
அக்காவுக்குத் தேடுவதற்கு ஒரு தாளாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

புளியங்குளம் பொடியன்:
18ஆம் பிரிவின் பின்பாதியை ஏன் மறைக்கிறீர்கள்? பங்காளிகளுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலுக்கும் கணக்குத் தீர்த்ததற்கும் வாய்ச் சாட்சி சொல்லலாம் என்று அதிலேயே இருக்கிறது.

வட்டக்கச்சியான்:
மறைக்கவில்லை. முதலில் பங்காளி என்று நிறுவினால்தானே அந்தக் கணக்குக்கே வரலாம். அதே பின்பாதியில் இன்னொன்றும் இருக்கிறது, வாசித்தீர்களா? வெளியாள் எழுத்து இல்லாமலே எங்களைக் கூட்டாளிகள் என்று காட்டி வழக்குப் போடலாம். கடன் கொடுத்தவனுக்கு நான் பங்காளி, அண்ணனுக்கு மட்டும் நான் கூலி. இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

முரசுமோட்டை விவசாயி:
அப்போ எனக்கு வர வேண்டிய நெல்லுக் காசுக்கு உங்கள் இரண்டு பேரையும் இழுக்கலாம். நல்லது, அறிந்துகொண்டேன்.

புளியங்குளம் பொடியன்:
மில் நிற்பது அப்பாவின் காணியில்தானே? தேசவழமைப்படி, எங்கள் வடக்குத் தமிழரின் வழக்குச் சட்டப்படி, அது முதுசொம், பரம்பரைச் சொத்து. உங்களுக்கும் பங்கு வரும், ஏன் பயப்படுகிறீர்கள்?

வட்டக்கச்சியான்:
வட்டக்கச்சி குடியேற்றத் திட்டம் தெரியாமல் பேச வேண்டாம். அது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதன் பின்னுரித்து, அதாவது அப்பாவுக்குப் பிறகு அது யாருக்கு என்பது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படிதான் போகும், தேசவழமைப்படி இல்லை. அப்பா பின்னுரித்தாளராக அண்ணனின் பெயரைத்தான் போட்டார்.

ஒட்டுசுட்டான் அக்கா:
பெயர் போடாமல் செத்திருந்தாலும் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். எங்கள் வீட்டில் அக்காமார் மூவரும் வெறுங்கையோடு போனார்கள், அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

புளியங்குளம் பொடியன்:
காணியை விடுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தீர்களா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

வட்டக்கச்சியான்:
வைத்தேன். வைத்தும் அண்ணனின் சட்டத்தரணி மறுமொழியின் முதல் வரியிலேயே அந்த ஆயிரம் ரூபாயைத்தான் எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

புளியங்குளம் பொடியன்:
அவர் உங்கள் அண்ணனிடம் காசு வாங்கியவர், அப்படித்தான் எழுதுவார். விண்ணப்பத்தின் பிரதியை எடுத்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.