போன்ல பேசி கட்டுரை எழுத வைக்கலாமா? அஞ்சாம் வகுப்பு

கோரையாறு:
நீடாமங்கலம் பக்கம் ஒரு ஊர்ல அஞ்சாம் வகுப்பு எடுக்குறேன். 'எங்க வயல்'னு பத்து வரி எழுதச் சொன்னா பாதிப் பேரு 'எங்கள் வயல் அழகாக இருக்கும்'னு ஒரு வரியோட பேனாவ மூடிடுறாங்க, அதே பிள்ளைங்க மத்தியானம் சாப்பிட உக்காந்தா வாய மூட மாட்டேங்குதுங்க. அதனால போன வாரம் என் போன்ல மைக்க அமுக்கி ஒவ்வொருத்தரா பேசச் சொன்னேன், அது டைப் பண்ணத அப்படியே போர்டுல எழுதிப் போட்டு எல்லாருமா திருத்துனோம். ஒருத்தன் 'அப்பா நாத்தங்காலுக்கு தண்ணி பாய்ச்சுனாங்க'ன்னான், நாத்து விடுற எடத்த சொல்றான். போன் என்ன போட்டுச்சு தெரியுமா, 'அப்பா நாற்காலிக்கு தண்ணி பாய்ச்சினாங்க'! க்ளாஸே உருண்டு பொரண்டு சிரிச்சுது. சிரிச்சு முடிச்சு அவனே கேட்டான், 'புக்குல நாத்தங்கால எப்படி டீச்சர் எழுதுவாங்க?' நாற்று, காற்று, சேற்றுன்னு ற்ற வரிசை மொத்தமும் அந்த ஒரு தப்புல வந்துருச்சு. அப்புறம் நோட்டுல கையாலதான் எழுதுனாங்க. ஆனா இது வேண்டாத வேலைன்னு ஸ்கூல்ல பேச்சு வந்துருக்கு. நீங்கல்லாம் என்ன சொல்றீங்க?

அரசலாறு:
வேண்டாத வேலைதாம்மா. கும்பகோணத்துல முப்பது வருஷத்துக்கு மேல சாக்பீஸ் புடிச்சவன் சொல்றேன். பேசுறது வேற எழுதுறது வேற. பேசும்போது வாக்கியம் முடியுதான்னு யாரும் பாக்குறதில்ல, எழுதும்போது கை மெதுவா போறதாலதான் மூளை அடுத்த வார்த்தைய தேடுது. அந்த நேரத்தத்தான் நீங்க புடுங்கிட்டீங்க. கொரோனால ஸ்கூல் மூடிக் கெடந்து பிள்ளைங்க எழுத்தே மறந்துபோயி, 2022ல 'எண்ணும் எழுத்தும்' கொண்டுவந்து மறுபடி அ ஆவுலேருந்து தொடங்குனோமே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா? பப்ளிக் பரிச்சைக்கு போன எடுத்துக்கிட்டா போவான்?

வெண்ணாறு:
தஞ்சாவூர்ல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். எனக்கும் மைக் புடிக்கல, ஆனா சார் சொல்ற காரணத்துக்காக இல்ல. பிள்ளைக்கு தமிழ்99 கீபோர்ட குடுங்க டீச்சர். 1999லயே அரசு ஏத்துக்கிட்ட லேஅவுட், இடது கையில உயிர், வலது கையில மெய். கோ எழுதணும்னா நோட்டுல மொதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கீபோர்டுல க அடிச்சு ஓ அடிச்சா கோ வந்துரும். உயிரும் மெய்யும் சேந்தா உயிர்மெய்னு நாம மனப்பாடம் பண்ணுனத பிள்ளை விரலாலயே செய்யுது. அ, ம, ம, ஆ அடிங்க, மொத ம-வுக்கு புள்ளிய அதுவே வச்சு அம்மான்னு குடுக்கும். இங்கிலீஷ்ல vazhai அடிச்சு கீழ வர்ற லிஸ்ட்ல தொடுற பிள்ளைக்கு ழ எங்கேருந்து வரும்?

அரசலாறு:
அந்த புள்ளிய பிள்ளைல்ல வைக்கணும் தம்பி! மெஷின் வச்சா அவன் எப்ப கத்துக்குறது?

மாப்பிள்ளைச்சம்பா:
நான் டீச்சர் இல்ல, ஒரு அம்மா. எம்பொண்ணு ஏழாவது. அவளுக்கு எழுதுறதுல பிரச்சனை இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, நாலு வரி எழுதுனா விரல் மடங்கிப்போயி அழுவா, எழுத்து கோட்ட தாண்டி ஓடும். ஆனா கஜா புயல் அடிச்ச ராத்திரி தென்ன மரமெல்லாம் எப்படி விழுந்துச்சுன்னு அவ பாட்டி சொன்னத அவ திருப்பிச் சொன்னா நீங்க சோத்துல கைய வச்சிக்கிட்டு அப்படியே கேட்டுட்டு இருப்பீங்க. நோட்டுல பாத்தா ரெண்டு வரி, அதுக்கு மேல செவப்பு இங்க்கு. இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு பப்ளிக் பரிச்சையிலயே சொல்லச் சொல்ல எழுத ஆள் குடுக்குறாங்க, க்ளாஸ்ல போன் குடுத்தா மட்டும் என்ன குத்தம் சார்?

அரசலாறு:
உங்க பொண்ணுக்கு குடுங்கம்மா, நானே குடுக்கச் சொல்லுவேன். கால் ஒடஞ்சவனுக்கு கட்டை குடுக்கலாம், ஓடுற பயலுக்கு எதுக்கு?

வெண்ணாறு:
இன்னொன்னும் இருக்கு டீச்சர். பிள்ளைங்க பேசுறது பெரும்பாலும் நெட்டு வழியா எங்கயோ ஒரு கம்பெனி சர்வருக்குப் போயித்தான் எழுத்தா திரும்பி வருது. அப்பா குடிச்சிட்டு வந்தத கூட பிள்ளை சொல்லும். பெத்தவங்கள கேட்டீங்களா?

கோரையாறு:
கேக்கல. ஒத்துக்குறேன், அது என் தப்பு. இனிமே வீட்டு விஷயம் வேண்டாம், ஆறு வயல் ஆடு மாடுன்னு வச்சுக்குறேன், பெத்தவங்க மீட்டிங்லயும் சொல்லிடுறேன். தமிழ்99 ஆசைதான், ஆனா கீபோர்டு எங்க இருக்கு? இருபத்தாறு பிள்ளைக்கு இருக்கிறது என் சொந்த போன் ஒண்ணு, டேட்டாவும் என் காசு.
அரசலாறு சார், உங்க தாத்தா காலத்துல திண்ணைல மணல்லதானே எழுதிப் பழகுனாங்க? தப்பானா கையால தடவிட்டு மறுபடி எழுதலாம். இப்ப நோட்டுல அடிச்சு எழுதுனா 'அசிங்கமா இருக்கு'ன்னு நாமதான் திட்டுறோம், அதனால பய தப்பு வராத வார்த்தையா பாத்து ஒரு வரியோட நிறுத்திக்கிறான். நாற்றங்கால் தெரியலன்னா வயல்னு போட்டுட்டு போயிடுவான். பேசுனப்ப மட்டும்தான் நாத்தங்கால் வந்துச்சு சார்.

அரசலாறு:
மணல விரல்ல தொட்டு எழுதுனாங்கம்மா, சூடு தெரியும். கண்ணாடி பொட்டியும் மணலும் ஒண்ணா. ஆனா நோட்டுல அடிக்கிறத திட்டுனவன்ல நானும் ஒருத்தன், அத மறைக்க மாட்டேன்.
சரி, ஒரு காரியம் பண்ணுங்க. 'ஆத்துல தண்ணி வந்த நாள்'னு தலைப்பு. பாதி பிள்ளைங்க நேரா நோட்டுல எழுதட்டும், பாதி உங்க போன்ல பேசிட்டு எழுதட்டும். கடைசியில எல்லாமே கையெழுத்துலதான் இருக்கணும். பேர மறைச்சு போட்டோ எடுத்துப் போடுங்க. எது போன்ல பேசுனதுன்னு ஒண்ணு விடாம சொல்லிடுறேன்.

வெண்ணாறு:
சார், ஒண்ணு தப்புனாலும் டிகிரி காப்பி உங்க செலவு.

கோரையாறு:
வெள்ளிக்கிழமை போடுறேன் சார். கரண்டு இருந்தா.