புதுப்பிப்பு: மீன் தராசு கூடக் காட்டியது, காசு திருப்பிக் கொடுத்தாச்சு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. திருகோணமலையில் எங்கட மீன் கடைத் தராசு நிறை கூடக் காட்டுது, வாங்கினவைக்கு என்ன செய்யிறது என்று கேட்டிருந்தேன்.

வெறுந்தட்டு, 1 கிலோ படிக்கல், 5 கிலோ படிக்கல் என்று மூன்றையும் வைத்துப் பார்க்கச் சொன்ன அண்ணையின் வழிதான் சரிவந்தது. 0.040, 1.040, 5.040 என்று காட்டியது. எல்லாத்திலும் அதே 40 கிராம் என்றால் தராசு நிறுக்கிறதில் பிழையில்லை, பூச்சியம்தான் தள்ளி நிற்குது. காரணம் தட்டுத்தான். தட்டின் நடுவில் ஒரு நெளிவு. ஐஸ் தண்ணியும் செதிலும் அதில் தேங்கி நிற்குது. முத்திரை குத்தின தராசிலும் இது நடக்கும்.

5 கிலோ வாங்கினவருக்கு நட்டம் 0.8 வீதம். கால் கிலோ சூடை மீன் வாங்கின அம்மாவுக்கு 16 வீதம்! அதனால் நிறையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், கடன் கொப்பியில் நிறுத்துக் கொடுத்த தடவைகளை எண்ணினோம்: தடவைக்கு 40 கிராம், அன்றைய விலைக்கு. 22 தடவை என்றால் 880 கிராம். கைக்காசுக்கு வாங்கினவையைத் தேடேலாது. பலகையில் விஷயத்தை எழுதிப்போட்டு, ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நிறுவைக்கும் 50 கிராம் கூடப் போடுறோம்.

எதிர்பாராதது ஒன்று: உப்புவெளி விடுதியொன்றுக்கு மீன் எடுக்கிறவர் அந்தக் காசைத் தன் கையில் தரச்சொன்னார். கொடுக்கவில்லை, விடுதியின் பில்லில் கழித்தோம். நட்டப்பட்டது விடுதிதானே.

தட்டை மாற்றியாச்சு. இப்ப ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னம் துடைத்து, வாங்குறவர் பார்க்கப் பூச்சியம் காட்டுறோம்.