கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயது, திருமங்கலம் பக்கம் இருக்கிறார். போன வருஷம் சித்திக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது, அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமே இல்லை. 30 முதல் 65 வயது வரை 5 வருஷத்துக்கு ஒருமுறை பெண்கள் இந்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகர் போன்றது) தடவிப் பார்ப்பார்கள், செல்கள் மாறியிருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும், சில நிமிட வேலை, புற்றாவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். அம்மாவோ "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்கிறார். கூச்சம், அப்புறம் ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயம். உங்கள் வீட்டில் யாரையாவது இப்படிச் சம்மதிக்க வைத்திருக்கிறீர்களா, என்ன சொன்னீர்கள்? மதுரையில் பெண் மருத்துவரே பார்க்கிற, மார்பகப் பரிசோதனையும் அன்றே முடிகிற இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன்.