பொருள்: பின்சக்கர ‘பிரேக் ஷூ’வுக்கு ஒரு சொல், வியாழனுக்குள்

மன்னார்குடியிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பிக்கப் வண்டியின் பின்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிப் புதுப்பிப்பது பற்றி எங்கள் மாணவர்களுக்காக நான் எழுதிய 12 பக்கக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி கண்டுவிட்டேன். ‘ஷூ’ மட்டும் இடறுகிறது. முன்பு எங்களிடம் புழங்கிய மொழிபெயர்ப்பில் அது ‘தடுப்புக் காலணி’ என்று இருந்தது. முதல் பக்கத்தில் ‘பணிமனையில் காலணி அணிக’ என்றும், நான்காம் பக்கத்தில் ‘தேய்ந்த காலணிகளை இரு பக்கமும் ஒருசேர மாற்றுக’ என்றும் படித்த மாணவர் ஒருவர் குனிந்து தம் காலைப் பார்த்ததை நேரில் கண்டவன் நான்.

பிறை போல் வளைந்த இரும்பு, அதன் முதுகில் ஒட்டியோ ரிவிட் அடித்தோ பொருத்திய, உரசித் தேயும் லைனிங், பெடலை மிதித்ததும் வீல் சிலிண்டர் அந்த இரு பிறைகளையும் வெளிப்புறமாகத் தள்ள, சுழலும் டிரம்மின் உட்சுவரில் உரசிச் சக்கரத்தை நிறுத்துவது என்னும் இந்த வேலை விளங்கும்படி ஒரு சொல் தாருங்கள். மேம்படுத்தும் பகுதியில் டிரம்மை நீக்கித் தட்டு வடிவ டிஸ்க் பிரேக் பொருத்துவதையும் சேர்த்திருக்கிறேன். அங்கும் பல வண்டிகளில் கை பிரேக்குக்காக டிஸ்க்கின் நடுக்குழிக்குள் சிறிய ஷூ இரண்டு இருப்பதால், இந்தச் சொல்லுக்கு அவ்வளவு எளிதில் ஓய்வு கிடைக்காது.

குடந்தையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிரேக்குக்குத் ‘தடை’ எனலாமே என்று தோன்றும். கொடு கொடையாகவும் விடு விடையாகவும் ஆவது போலத் தடு என்பது தடையாகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல் இடைக்காலத் தடை, தடையாணை என்று நீதிமன்றத்துக்குக் குடிபெயர்ந்து நெடுநாளாகிவிட்டது. ஆகவே ‘அணைகட்டை’ என்பதை முன்மொழிகிறேன். அணைத்த கட்டை, அணைக்கின்ற கட்டை, அணைக்கும் கட்டை என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. டிரம்மை அணைப்பது, வேகத்தை அணைப்பது என இரு பொருளும் ஒரே சொல்லில் அமைகின்றன. வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது என்பதை அச்சகத்தார் நினைவில் கொள்க.

மயிலாடுதுறையிலிருந்து, மெய்ப்புத் திருத்துபவர்:

ஐயா, அச்சகத்தார் நினைவில் கொள்ள மாட்டார்கள். இருபது ஆண்டுகளாக அவர்கள் விட்ட க் ச் த் ப் களைச் சேர்ப்பதும், வேண்டாத இடத்தில் சேர்த்தவற்றை நீக்குவதுமே என் பிழைப்பு. தங்கள் சொல்லில் ஒரே ஒரு ‘க்’ நுழைந்துவிட்டால், ‘அணைக்கட்டை மெல்லத் தட்டிக் கழற்றுக’ என்று படித்துவிட்டு, கல்லணைக்குக் கீழே குடியிருக்கும் நாம் அனைவரும் பரிசல் தேட வேண்டியிருக்கும். மேலும் அணைப்பது என்றால் வெளியிலிருந்து தழுவுவதல்லவா? டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் காலிப்பருக்கு அது பொருந்தலாம். உள்ளே இருந்துகொண்டு வெளிப்பக்கமாக உந்தும் ஷூவுக்குப் பொருந்தாது.

திருவாரூரிலிருந்து, தேர்வடம் பிடித்த குடும்பத்தவர்:

சொல் நம் தெருவிலேயே கிடக்கும்போது எதற்காகத் தேடுகிறோம் என்று விளங்கவில்லை. 96 அடி உயர ஆழித்தேரை நிறுத்தவும் திருப்பவும் நாங்கள் போடுவது முட்டுக்கட்டை. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தருகே நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இதில் நுட்பமும் உண்டு. ஓடும் சக்கரம் தன் ஓட்டத்தாலேயே கட்டையை அடியில் இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிரம் பிரேக்கிலும் முன் ஷூவைச் சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்கிறது என்று மன்னார்குடி நண்பர் சென்ற மாதம் எழுதினார் அல்லவா? வேலை அதுவேயென்றால் பெயரும் அதுவாக இருக்கட்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து, பணிமனை நடத்துபவர்:

சொல் அழகானது, ஆனால் கையேட்டின் முதல் படியிலேயே இடிக்கும். டிரம்மைக் கழற்ற வேண்டுமானால் கை பிரேக்கை விடுவித்தாக வேண்டும். விடுவித்தால் வண்டி உருளும். அதனால் முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்த பின்னரே ஜாக்கைத் தொடுகிறோம். ‘முட்டுக்கட்டை வைத்துவிட்டு முட்டுக்கட்டையைக் கழற்றுக’ என்று எழுதினால் புதிய பையன் எதைக் கழற்றுவான்? வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் நான் என்பதால் கேட்கிறேன்.

அறுவடைக் காலத்தில் 40 கிலோ நெல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வயல்வரப்பிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு ஓடிய வண்டிகள் என்னிடம் வரும். சேறும் துருவும் பிடித்த டிரம் லேசில் வராது. அதன் முகத்தில் உள்ள மரைத் துளைகள் இரண்டிலும் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். சட்டென்று ஒரு ‘டக்’ கேட்டு டிரம் விரலளவு வெளியே வரும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் சொல்வது ‘ஷூ’ என்றுதான். சைக்கிள் கடையிலோ ரப்பர் துண்டுக்குப் ‘பிரேக் கட்டை’ என்றே பெயர். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

திருவையாற்றிலிருந்து, ஒரு வரி மட்டும்:

ஷூ என்றால் மாட்டுக்கு லாடம். வடிவமும் பிறைதான், ஆணியும் உண்டு.

குடந்தையிலிருந்து மீண்டும்:

லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது; எழுதுவதானால் ‘இலாடம்’ என்று எழுதுக. உவமையும் தலைகீழாக இருக்கிறது. தேயத் தேய மாற்றுவதும் ஆணியடித்துப் பொருத்துவதும் லாடம் என்றால் அது லைனிங்குக்கே ஒக்கும். ஷூ குளம்பின் இடத்தில் நிற்கிறது. மயிலாடுதுறை அம்மையாரின் அணைக்கட்டைக் கண்டு நானும் சிரித்தேன், ‘அணைகட்டை’யைத் திரும்பப் பெறுகிறேன். அதற்கு ஈடாக ‘விரிகட்டை’. வெளிநோக்கி விரிகிறது, எனவே விரிகட்டை. முன்னது முந்துகட்டை, பின்னது பிந்துகட்டை. டிஸ்க்கை உரசும் பேடு விரிவதில்லையாதலால் அதற்கு ‘வில்லை’ என்று தனிச்சொல் கொள்ளலாம். ‘பிரேக் கட்டை’ என்பது பாதி வேட்டியும் பாதி கால்சட்டையும் அணிந்து நிற்கிறது.

பட்டுக்கோட்டையிலிருந்து:

முந்துகட்டை, பிந்துகட்டை இரண்டையும் நாளையே பணிமனையில் சொல்லிப் பார்க்கிறேன். பல வண்டிகளில் இரண்டின் லைனிங்கும் ஒரே நீளமாக இராது, இடம் மாற்றிப் பூட்டிவிட்டு முழிப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் உதவும். ஆனால் ‘விரிகட்டை கொடுங்கள்’ என்று கேட்டால் உதிரிபாகக் கடைக்காரர் என்னை மரக்கடைக்கு அனுப்பிவிடுவார்.

மன்னார்குடியிலிருந்து:

நேற்றிரவு வரை வந்த மடல்களில் ஐவர் ‘பிரேக் கட்டை’க்கும், இருவர் ‘விரிகட்டை’க்கும், ஒருவர் இன்னமும் முட்டுக்கட்டைக்கும் ஆதரவாக இருக்கிறார்கள். களைப்பினால் கிடைத்த பெரும்பான்மைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்காம் பக்கத்தில் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘பிரேக் கட்டை, அதாவது ஷூ’ என்றும், அதன்பின் ‘பிரேக் கட்டை’ என்றும் போடுகிறேன். முந்துகட்டையும் பிந்துகட்டையும் படத்தில் இடம்பெறுகின்றன. முட்டுக்கட்டை முன்சக்கரத்துக்கு அடியிலேயே இருக்கட்டும்.

குடந்தையிலிருந்து:

என் மறுப்பு பதிவாகட்டும். இரண்டாம் பதிப்பில் விரிகட்டை வரும்.

மயிலாடுதுறையிலிருந்து:

மெய்ப்பு கைக்கு வந்தது. ‘பிரேக் கட்டை’ என்று இடம் விட்டு எழுதுவதா, ‘பிரேக்கட்டை’ என்று சேர்த்து எழுதுவதா? நான்காம் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன. இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.