இரண்டாவது விருப்பு வாக்கு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பருத்தித்துறையான்

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் நாளான 2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த ஒரு சிறிய விடயம் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. தேர்தலுக்கு முந்திய மூன்று வாரங்களும் எங்கள் வீட்டில் சங்கா (தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சின்னம்) தொலைபேசியா (சஜித் பிரேமதாசவின் சின்னம்) என்ற வாக்குவாதந்தான். தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்த நாளிலிருந்து பெரியப்பா தொலைபேசியின் பக்கம் நின்றார். நம்மவர் ஒருவர் நம் பெயரைச் சொல்லி நிற்கும்போது வேறு எவருக்கு வாக்களிப்பது என்று அம்மா சங்கின் பக்கம் நின்றார். அரியநேத்திரன் ஜனாதிபதியாக வரப்போவதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும், வெல்ல முடியாதவருக்கு வாக்களித்தால் வெல்பவரைத் தெரிவு செய்யும் வேலையைத் தெற்கிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பதாகிவிடும் என்று நான் அம்மாவிடம் இரவு பகலாக வாதாடினேன்.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வருத்தம். ஓட்டோவில் ஏற்றிப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றேன். 38 பேர் போட்டியிட்ட தேர்தல் என்பதால் வாக்குச்சீட்டு சுருள் போல நீண்டிருந்தது. வாக்களித்துவிட்டுத் திரும்பி வரும்போது, மை காயாத விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி அம்மா கேட்டார்: "தம்பி, வெளியில வரேக்க ஒரு பிள்ளை சொன்னாள், ரெண்டாவது, மூண்டாவது எண்டும் போடலாமாம். நீ அதைச் சொல்லவே இல்லையே?"

எனக்கு அது தெரியாமல் இருக்கவில்லை. முதற்சுற்றில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள 2, 3 ஆகிய விருப்புகள் முதலிருவருக்கும் சேர்க்கப்படும். முதலாவதைச் சங்குக்கு அளித்துவிட்டு இரண்டாவதை வெல்லக்கூடியவருக்கு அளித்திருந்தால் அம்மாவின் கொள்கையும் என் கணக்கும் ஒரே சீட்டில் நிறைவேறியிருக்கும். அதற்கு முன் நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதற்சுற்றிலேயே ஒருவர் 50 வீதத்தைத் தாண்டியிருந்ததால் இரண்டாவது எண்ணிக்கை என்பது சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். மூன்று வாரம் அம்மாவின் மனத்தை மாற்றப் பாடுபட்டவன், அவரது மனத்தை மாற்றாமலே செய்யக்கூடியதை ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லவில்லை. அந்த விரல் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்படி வேறு எவருக்கேனும் நேர்ந்ததா?

எண்ணியவன்

நான் எண்ணும் கடமையில் இருந்தவன். இரகசியம் காப்பதாக உறுதியளித்திருப்பதால் நிலையத்தின் பெயரையோ அங்கே கண்ட எண்ணிக்கையையோ எழுத மாட்டேன். இங்கே தருபவை எல்லாரும் அறிய வெளியானவை மட்டுமே.

சனிக்கிழமை இரவு முழுவதும் கண் விழித்து எண்ணினோம். வெளியே ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை எவரும் பாதியைத் தாண்டவில்லை என்பது உறுதியாயிற்று. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். விருப்பு வாக்குகளை எண்ண வேண்டும் என்ற அறிவித்தல் வந்ததும் மண்டபத்தில் இருந்த மூத்த அலுவலர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் எவரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. முதலிருவரின் கட்டுகளைத் தொடாமல், மற்ற அனைவரின் கட்டுகளையும் பிரித்து, அவற்றில் அந்த இருவருக்கும் 2 அல்லது 3 இடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தோம்.

எனக்கு மறக்க முடியாதது ஒரேயொரு சீட்டு. மிக அழகான கையெழுத்தில் 1, 2, 3 என்று மூன்று இலக்கங்களும் இடப்பட்டிருந்தன. கூட்டின் எல்லையைக்கூடத் தொடவில்லை. முறையை முழுமையாகப் படித்துவிட்டு வந்த ஒருவர் என்பது பார்த்ததுமே விளங்கியது. ஆனால் அந்த மூவரில் எவரும் முதலிருவருள் இல்லை. நான் அதை ஒதுக்கி வைத்தேன். அதை ஒதுக்கிய என் கை சில நொடிகள் அப்படியே நின்றது.

நாடு முழுவதும் முதலிருவருக்கும் வெளியே விழுந்தவை 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அவற்றிலிருந்து திசாநாயக்கவுக்கு 105,264 வாக்குகளும் பிரேமதாசவுக்கு 167,867 வாக்குகளும் மட்டுமே போய்ச் சேர்ந்தன. பன்னிரண்டு பேரில் ஒருவரின் விருப்பு வாக்குத்தான் பயன்பட்டது என்பது இதன் பொருள். ஆகவே பருத்தித்துறையான் தன்னை இவ்வளவு நொந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் அம்மா இட்டது புள்ளடியா (X), 1 என்ற இலக்கமா என்று கேட்டீர்களா? இரண்டும் செல்லுபடியாகும்; ஆனால் வடக்கில் முதியவர்களின் கை புள்ளடிக்கே பழகியது.

நவம்பர் 17

இரண்டாவது விருப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். முதலாவது வாக்கையே அளிக்க முடியாமற்போன ஒருவனின் அனுபவத்தையும் கேளுங்கள்.

2005 நவம்பர் 17 காலை, வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் முடிவு வரை நடந்தேன். புலிகள் புறக்கணிப்பை அறிவித்திருந்தார்கள். பிரதான வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மூலை வீட்டுக்காரர், என் தகப்பனாரின் வயதானவர், படலையைப் பாதி திறந்து, "போகாதை தம்பி" என்று இரண்டே சொற்கள் சொன்னார். நான் திரும்பிவிட்டேன். அவர் என்னைக் காப்பாற்றினாரா, தடுத்தாரா என்பதை இருபது ஆண்டுகளாகியும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அன்று யாழ் மாவட்டத்தில் பதிவாகியிருந்த 701,938 பேரில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 180,786 வாக்குகளால். பதிவேட்டில் இருந்த பெருந்தொகையானோர் ஊரைவிட்டோ நாட்டைவிட்டோ போய்விட்டவர்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இருந்தவர்களே போதுமாயிருந்தார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். அதற்குப் பின்னான நான்கு ஆண்டுகளில் நாம் எதைக் கண்டோம் என்பதை எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆகவே, வெல்ல முடியாதவருக்கு வாக்களிப்பதும் வீட்டில் இருப்பதும் எனக்கு ஒன்றுதான். முடிவைத் தொடாத வாக்கு, அளிக்காத வாக்கு. 2024 இல் நான் தொலைபேசிக்கே வாக்களித்தேன். சங்குக்கு வாக்களித்தவர்கள் 2005 ஐ மறந்துவிட்டார்கள்.

கிளிநொச்சி வாக்காளர்

நவம்பர் 17 அவர்களுக்கு: நாங்கள் எதையும் மறக்கவில்லை. நீங்கள் போகும் வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர். நான் போய் வாக்களித்தவள். கணக்குப் பார்த்து வாக்களிப்பது என்ன விலை கேட்கும் என்பதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

2010 ஜனவரி 26. முகாமிலிருந்து வெளியே வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. போர் முடிந்த 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் வைத்து இராணுவத்தினர் என் தம்பியை எங்கள் கண் முன்னால் பேருந்தில் ஏற்றினார்கள். இன்றுவரை அவன் திரும்பவில்லை. மகிந்த ராஜபக்சவைத் தோற்கடிக்க வேண்டுமானால் சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்க வேண்டும் என்று நம்முடைய தலைவர்கள் சொன்னார்கள். அந்தப் போரை இராணுவத் தளபதியாக நடத்தியவருக்கு! வவுனியாவில் ஒரு பாடசாலை வகுப்பறையில், அட்டையால் மறைத்த மேசைக்கு முன்னால், நூலில் கட்டியிருந்த பேனையைப் பிடித்துக்கொண்டு பொன்சேகாவின் அன்னச் சின்னத்தைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அம்மா, முடிஞ்சுதா?" என்று அலுவலர் கேட்டார். அப்போது எனக்கு 29 வயது. புள்ளடி இட்டேன். வெளியே வந்ததும் வேலியோரம் வாந்தி எடுத்தேன். என் தாயார் அன்று வாக்களிக்கவே மறுத்துவிட்டார்.

பொன்சேகாவும் தோற்றார். 2015 இல் மீண்டும் அன்னம். இம்முறை மைத்திரிபால சிறிசேன 449,072 வாக்குகளால் வென்றார். அந்த வெற்றியில் வடக்கு கிழக்கின் பங்கு எவ்வளவு என்று நாடே அறியும். நவம்பர் 17 சொல்வது போல முடிவைத் தொட்ட வாக்குத்தான் அது. காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. ஆனால் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னால் காணாமற்போனோரின் தாய்மார் தொடர் போராட்டத்துக்கு அமர்ந்தபோது என் தாயாரும் மடியில் தம்பியின் படத்தோடு அமர்ந்தார். நாங்கள் வெல்ல வைத்தவரின் ஆட்சியில்தான் அமர்ந்தார். 2019 இல் சஜித்துக்கு யாழ் மாவட்டம் 83.86 வீதம் கொடுத்தது; தெற்கு மகிந்தவின் தம்பி கோட்டாபயவைத் தெரிவு செய்தது.

மூன்று தடவை கணக்குப் பார்த்தேன். ஒரு தடவை கணக்குச் சரியாக வந்தது. அப்போதும் தம்பியைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. 2024 இல் சங்கின் முன்னால் 1 என்று எழுதும்போது என் கை நடுங்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். 226,343 பேர் அப்படி எழுதியிருக்கிறார்கள். அவர்களை வீட்டில் இருந்தவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

வெள்ளவத்தை வாக்காளர்

என் அனுபவம் சிறியது. கொழும்பில் வாக்கு, சங்குக்கு முதலாவதும் தொலைபேசிக்கு இரண்டாவதும் இட்டேன், அலுவலகத்தில் சொன்னபோது தமிழ் நண்பர் ஒருவர் "இரண்டு தோணியில் கால் வைத்தவன்" என்றார். அந்தச் சொல் இன்னும் சுடுகிறது.

இங்கே எழுதியவர்கள் இரண்டு வெவ்வேறு தேர்தல் முறைகளை ஒன்றாகக் குழப்பாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு வாக்கு இருப்பதால், முதலாவதை வெல்ல வாய்ப்பில்லாத வேட்பாளருக்கு அளிப்பவர் எதையும் இழக்கத் தேவையில்லை. ஆனால் 2 அல்லது 3 ஆகிய இலக்கங்களுள் ஒன்று முதலிருவருள் வரக்கூடியவருக்கு விழ வேண்டும். எண்ணியவன் கண்ட அந்த அழகிய சீட்டின் குறை அதுதான். 1 இல்லாமல் 2 மட்டும் எழுதினால் சீட்டு நிராகரிக்கப்படும். இருவருக்குப் புள்ளடி இட்டாலும் அப்படியே. அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 300,300 சீட்டுகள். சங்குக்கு நாடு முழுவதும் கிடைத்ததைவிட அது கூடுதல்.

நாடாளுமன்றத் தேர்தலில் இந்த வசதி கிடையாது. அங்கே மாவட்டந்தோறும் விகிதாசாரம். 5 வீதத்துக்குக் கீழே பெற்ற கட்சிகள் கணக்கிலிருந்து நீக்கப்படும். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். 2024 நவம்பர் 14 அன்று யாழ் மாவட்டத்தில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளோடு, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானதோடு, ஆறில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. ஜனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177 வாக்குகளும் சங்குக்கு 116,688 வாக்குகளும் விழுந்திருந்தன. அநுரவுக்கு 27,086 வாக்குகள் மாத்திரமே. தமிழ்க் கட்சிகள் பலவாகப் பிரிந்து நின்றதால் ஒவ்வொன்றுக்கும் விழுந்தது சிறு பங்கு. எந்தக் கணக்கிலும் சேராமல் நீங்கிய வாக்குகளும் பல. மறுபுறம் திருகோணமலையில் தமிழரசுக் கட்சியும் சங்குச் சின்னக் கூட்டணியும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒன்றாக நின்று ஓர் ஆசனத்தைக் காப்பாற்றின. ஆகவே ஜனாதிபதித் தேர்தலில் மனத்துக்குப் பிடித்தவருக்கு முதலாவதையும் கணக்குக்கு இரண்டாவதையும் அளியுங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் 5 வீதத்தைத் தாண்டாது என்று தெரிந்த குழுவுக்கு வாக்களிக்க முன்னர் இரண்டு தடவை யோசியுங்கள். கிளிநொச்சி வாக்காளரும் சங்குக்கு 1 எழுதிய பின் கீழே ஒரு 2 ஐ எழுதியிருக்கலாம்; அதனால் அந்த 1 குறைந்துவிடாது.

கிளிநொச்சி வாக்காளர்

ஆலோசனைக்கு நன்றி. முறை எனக்குத் தெரியும். அந்த 2 ஐ எழுதாமல் விட்டது தெரியாமை அல்ல. அன்னத்தின் முன்னால் நின்ற அந்த மேசைக்கு மீண்டும் போக எனக்கு விருப்பமில்லை.

நவம்பர் 17

அக்கா, நான் எழுதியதில் "அளிக்காத வாக்கு" என்றதை மீளப் பெறுகிறேன். 2010 இல் நானும் அன்னத்துக்கு வாக்களித்தேன்; ஆனால் இரண்டு நிமிடம் யோசித்ததில்லை. கணக்கைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

பருத்தித்துறையான்

எண்ணியவன் கேட்டதை நேற்று அம்மாவிடம் கேட்டேன். புள்ளடிதானாம். 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குப் போட்டதிலிருந்து வேறெதுவும் இட்டுப் பழக்கமில்லை என்றார். இங்கே எழுதப்பட்டவற்றை வாசித்துக் காட்டினேன். வட்டுவாகல் பற்றிய இடத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டு, சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, எண்ணியவனிடம் ஒன்றைக் கேட்கச் சொன்னார்: இரண்டாவது தடவை பிரித்தபோது தன்னுடைய சீட்டையும் எவரேனும் கையில் எடுத்திருப்பார்களா?

எண்ணியவன்

எடுத்திருப்பார்கள் என்று சொல்லுங்கள். சங்கின் கட்டில் இருந்த ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, மேலிருந்து கீழாக முழுவதும் பார்த்த பிறகே வைத்தோம்.