பீட்ரூட் துண்டு சாதாரண நீரில் ஏன் சாயம் விடவில்லை?

வினா (ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை):
வணக்கம். பரவல் (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் பரவுவது) பாடத்துக்காக வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினேன். பீட்ரூட்டைச் சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கி, வெட்டிய இடத்திலிருந்து சாறு கசிவது நிற்கும்வரை குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு துண்டைச் சாதாரண நீரிலும் மற்றொன்றைக் கைபொறுக்காத சுடுநீரிலும் போட்டேன். கால் மணி நேரத்தில் சுடுநீர் கருஞ்சிவப்பாகிவிட்டது. மற்றக் குவளையின் அடியில் இலேசான சிவப்பு மட்டுமே தெரிந்தது. "உள்ளே அவ்வளவு சாயம் இருக்கிறது, வெளியே ஒன்றுமே இல்லை, செறிவு குறைந்த பக்கத்துக்கு அது ஏன் வரவில்லை, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சூடேறினால் மூலக்கூறுகள் வேகமாக நகரும் என்று சொன்னேன். அந்த விடை எனக்கே நிறைவாக இல்லை.

பதில் 1 (தாவரவியல் ஆய்வு மாணவர்):
அந்த மாணவி மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறாள், அம்மா. 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் நீரில் சாயம் பரவும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகலாம். தாங்கள் கண்ட வேறுபாட்டுக்கு அது போதாது. பீட்ரூட்டின் சிவப்பு நிறமியான பீட்டானின், செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்னும் சாறு நிறைந்த பையில் அடைபட்டிருக்கிறது. அது வெளியே வர வேண்டுமானால் வாக்குவோலின் சவ்வு, செல்லைச் சூழ்ந்த பிளாஸ்மா சவ்வு என இரண்டைக் கடக்க வேண்டும். இரண்டு சவ்வுகளுக்கும் அடிப்படை கொழுப்பு மூலக்கூறுகளின் ஈரடுக்கு. பீட்டானினோ சர்க்கரை இணைந்த, மின்னூட்டமுள்ள, நீரில் எளிதில் கரையும் மூலக்கூறு. எண்ணெய்ப் பசையான அந்த நடுப்பகுதிக்குள் அது நுழைவதே அரிது. சுடுநீர் சவ்வின் புரதங்களை உருக்குலைத்து, கொழுப்பு அடுக்கின் ஒழுங்கையும் கெடுத்துவிடுகிறது. தடுப்பு உடைந்த பிறகுதான் செறிவு வேறுபாட்டுக்கு வேலை கிடைக்கிறது. ஐயம் இருந்தால் ஒரு துண்டை இரவு முழுவதும் உறைநிலைப் பெட்டியில் வைத்து, மறுநாள் சாதாரண நீரில் போட்டுப் பாருங்கள். பனிப் படிகங்கள் சவ்வைக் கிழித்திருக்கும். சூடே இல்லாமல் நீர் சிவக்கும்.

வினா தொடர்ச்சி (ஆசிரியை):
மிக்க நன்றி. அப்படியானால் மூலக்கூறு பெரிதாக இருப்பதுதான் தடையா? சோடியம் அயனி மிகச் சிறியதாயிற்றே, அது தாராளமாக நுழையுமா?

பதில் 2 (மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிப்பவர்):
நுழையாது. பருமனுக்கும் பங்கு உண்டு, ஆனால் இங்கே தீர்மானிப்பது மின்னூட்டம். சோடியம் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை உதறிவிட்டுக் கொழுப்புக்குள் புக மிகுந்த ஆற்றல் தேவை. ஆகவே அது புரதத்தால் ஆன தடங்கள் வழியாகவே செல்கிறது. மின்னூட்டமற்ற ஆக்சிஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் அந்தத் தடை இல்லை. நுரையீரல் காற்றறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்) சுமார் 100 மி.மீ. பாதரசம், அங்கு வந்து சேரும் இரத்தத்தில் சுமார் 40. இந்த வேறுபாடு ஒன்றை மட்டும் கொண்டு, சவ்வைக் கடக்க எந்த ஆற்றலும் செலவிடாமல், ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. நீர் கொழுப்பு அடுக்கின் வழியே ஓரளவு கசிந்தாலும், சிவப்பணு, சிறுநீரகம் போன்ற இடங்களில் அது விரைந்து செல்வதற்குத் தனிப் புரதத் தடம் உண்டு. அக்வாபோரின் எனப்படும் அந்தத் தடத்தைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பதில் 3 (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்):
ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கூற விரும்புகிறேன். பொருள் செறிவு குறைந்த பக்கத்தை நாடிச் செல்கிறது என்று கரும்பலகையில் எழுத வேண்டாம். மூலக்கூறுக்குத் திசை தெரியாது. அது எல்லாப் பக்கமும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. கூட்டம் மிகுந்த பக்கத்திலிருந்து ஒரு நொடியில் கடப்பவை அதிகம், எதிர்ப்பக்கத்திலிருந்து கடப்பவை குறைவு. இவ்விரண்டின் வித்தியாசத்தைத்தான் நாம் பரவல் என்று காண்கிறோம். செறிவு சமமான பின்னும் இருபுறமும் போக்குவரத்து நிற்பதில்லை. சோதனைக்கு இன்னொரு குறிப்பு: பரவலுக்கு ஆகும் நேரம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். துண்டின் கனத்தைப் பாதியாக்கினால், சுடுநீரில் உள்ளிருக்கும் சாயம் வெளியேற ஏறக்குறைய கால்பங்கு நேரமே ஆகும். ஒரே பாட வேளைக்குள் முடித்துவிடலாம்.