ஈசூன் குளக்கரையும் தேக்கா தேநீரும்

சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லி சிங்கப்பூரில் இத்தனை ஆண்டாக எவ்வளவோ செய்கிறார்கள். உங்கள் வீட்டில் எது பலித்தது? எங்கள் கதையை முதலில் வைக்கிறேன், உங்களுடையதைக் கீழே எழுதுங்கள்.

2017 தேசிய தினப் பேரணி உரையை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு, மலாய்க்காரர்களில் ஐவருக்கு, இந்தியர்களில் ஆறு பேருக்கு என்று பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அம்மா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பெரியப்பா, சின்ன அத்தை, தாய்மாமா... பத்து விரலில் ஏழு மடங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு அப்போதே கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். அம்மா மடக்கிய முதல் விரல் அவருடையதுதான்.

அதற்கு முன்பே வீட்டில் துண்டுப்பிரசுரங்கள் நிறைய இருந்தன. நாற்காலி ஆடாமல் இருக்க அடியில் மடித்து வைத்திருந்தோம். பலதுறை மருந்தகத்தில் உணவு ஆலோசகர் ஒரு தட்டுப் படத்தைக் காட்டியபோதுதான் அம்மாவுக்குப் பிடிபட்டது. பாதித் தட்டு காயும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு மீனோ பருப்போ. நம் வீட்டில் சோறுதான் முதலில் விழும், காய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா வரிசையை மாற்றினார். முதலில் கோஸ் பொரியலைத் தட்டில் பாதிக்குப் பரப்பிவிடுவார், மிச்ச இடத்தில்தான் சோறு. "இடமில்லைன்னா கேக்கத் தோணாதுல்ல" என்றார். அப்பாவுக்கு இரண்டு மாதம் கோபம், பிறகு பழகிவிட்டது.

நடையைத் தொடங்கிவைத்தது 2015இல் ஆரம்பித்த நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச். இலவசமாகக் கொடுத்த கைப்பட்டையை வளையலுக்கு மேலே மாட்டிக்கொண்டார். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி, சேரும் புள்ளிகளுக்குப் பற்றுச்சீட்டு (வவுச்சர்). பரிசு காட்டி மக்களை நடக்கவைப்பதா என்று எனக்கு அப்போது மனம் ஒப்பவில்லை. இப்போது அப்படி நினைக்கவில்லை. பற்றுச்சீட்டுக்காகத்தான் அம்மா ஈசூன் குளத்துக்குப் போனார். அங்கே ஒரு மக்சிக்கும் (மலாய் அத்தை) ஒரு சீன ஆன்ட்டியும் கூட்டாளி ஆனார்கள். மூவருக்கும் பொதுவான மொழி பாதி மலாய், பாதி சைகை. கைப்பட்டை எப்போதோ கெட்டுப்போய்விட்டது. காலை ஆறரைக்கு மக்சிக் புளோக் கீழே வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை.

—

அக்கா, நான் தேக்கா பக்கம் ஒரு கடையில் தே கலக்குகிறேன், பன்னிரண்டு வருஷமாச்சு. வந்த புதிதில் "கோசோங்", அதாவது சர்க்கரை வேண்டாம் என்று கேட்பவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து பேர்தான். இப்போது காலை நேரத்தில் அந்த வார்த்தை காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் சொல்லணும். "சியூ டாய்" (சர்க்கரை குறைவு) கேட்டுவிட்டு இனிப்பே இல்லை என்று நினைத்துக் குடிக்கிறவர்கள் நிறைய. வெறும் "தே" என்றால் அதில் விழுவது கட்டிப் பால். அந்தப் பாலிலேயே சர்க்கரை இருக்கிறது. பாலும் வேணும், சர்க்கரையும் வேண்டாம் என்றால் "தே சி கோசோங்" கேளுங்கள். அதில் இனிப்பு சேர்க்காத டின் பால் ஊற்றுவோம். பால் வேண்டாதவர்களுக்குத் "தே ஓ கோசோங்". ஒரு தாத்தா சர்க்கரை குறைத்துவிட்டேன் என்று மூன்று வருஷம் கட்டிப் பால் தேதான் குடித்தார். நான் முன்பே வாய் திறந்திருக்கலாம் என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

—

என் மகளுக்கு ஒன்பது வயது. பேரங்காடிக் குளிர்பெட்டி முன்னால் நின்று எழுத்துப் பார்த்துத்தான் எடுப்பாள். 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலத்தில் வரும் பானங்களுக்கு ஏ முதல் டி வரை எழுத்துப் போடும் நியூட்ரி கிரேட் வந்தது. அடுத்த வருஷக் கடைசியில் கடையில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அதற்கு விளம்பரமே செய்யக் கூடாது. சர்க்கரையே இல்லாவிட்டாலும் இனிப்பூட்டி சேர்த்திருந்தால் ஏ கிடைக்காது என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. பிள்ளையின் நாக்கு இனிப்புக்கே பழகிவிடக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்குப் போன இடத்தில் "இது டி, பாதி போதும்" என்று அவளே குவளையை வைத்துவிட்டாள். நான் எத்தனை முறை சொல்லியும் நடக்காததை அந்த ஓர் எழுத்து செய்தது.

—

எல்லாம் நல்லதுதான். நான் இரவுப் பாதுகாவலர், பன்னிரண்டு மணி நேர வேலை. இலவச உடற்பயிற்சி வகுப்பு நடக்கும் சாயங்காலத்தில் நான் சீருடை மாட்டிக்கொண்டிருப்பேன். விடியற்காலை வேலை முடியும்போது பக்கத்தில் திறந்திருக்கும் கடையில் பிராட்டாவும் மீ கோரெங்கும்தான். என்னைப் போன்றவர்களுக்கும் பத்தில் ஆறு பேர் கணக்கு பொருந்தும். இரவு வேலைக்காரர்களை மனதில் வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

—

பாதுகாவலர் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எந்தப் பேட்டை என்று கேட்கிறார். ஈசூன் பக்கம் என்றால் வேலை முடிந்து வரும்போது குளக்கரைக்கு வாருங்கள் அண்ணா. மூவரும் ஏழரை வரை அங்கேதான் இருப்பார்கள். அம்மா கையில் அவித்த கடலை இருக்கும்.

தே கலக்கும் தம்பிக்கு: இதுநாள்வரை அம்மா குடித்தது சியூ டாய்தான். ஞாயிறு தேக்காவுக்கு வருகிறோம்.